பதினேழும் பதினெட்டும்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில் கார் நிறுத்தும் கட்டங்களுக்கெல்லாம் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்து நம்பர் போட்டார்கள். போட்ட மறுநாள் காலையிலேயே செக்யூரிட்டி போன் செய்தார். "சார், உங்க எடத்துல வேற வண்டி நிக்குது. வந்து பாக்கறீங்களா?" போய்ப் பார்த்தேன். பெரிய வெள்ளை வண்டி ஒன்று, தாத்தா காலத்துச் சொத்தில் நிற்பதுபோல என் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. பெயிண்டர் நம்பரை மாற்றி எழுதியிருக்கலாம். வண்டிக்காரர் தெரிந்தே விட்டிருக்கவும் கூடும். "இந்தத் தடவையாவது நாலு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்று சொல்லித்தான் மனைவி கீழே அனுப்பியிருந்தாள். நானும் லிப்டில் இறங்கும்போதே நாலு வார்த்தைகளைத் தயார் செய்துவிட்டேன். ஆனால் அந்தப் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியதும் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. என் காரைத் தெருவில் ஒரு புங்க மரத்தடியில் விட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். மரத்தில் காக்கைகள் இருந்தன. அது வேறு கதை.

அடுத்தவர் இடத்தில் நிற்பதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பதினோரு வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை நான் வளர்ந்ததே அடுத்தவர் இடத்தில்தான்.

நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள். நான் இப்படி நடந்துகொண்டேதான் சொல்வேன். ஓரிடத்தில் உட்கார வராது எனக்கு. கல்யாணத்துக்குப் பிறகு ஒன்பது வாடகை வீடுகள் மாறி, கடைசியாக இந்தப் பிளாட்டுக்கு வந்திருக்கிறேன். இதிலும் இரண்டு அட்டைப்பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று. இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தாயிற்று. மூடித்தான் இருந்தது.

அப்போது நாங்கள் பொம்மனஹள்ளியில் இருந்தோம். இன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னால் மேம்பாலத்தின் கீழ் அசையாமல் நிற்கும் வண்டிகள்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அது நகரமுமில்லை, கிராமமுமில்லை. ஓசூர் ரோட்டில் லாரிகள் போகும். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கம்பெனிகள், அந்தப் பக்கம் ராகிக் கொல்லைகள். அப்பா ஒரு கம்பெனியில் லேத் மெஷினில் கடைசல் பிடித்தார். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்தவர். நாங்கள் குடியிருந்தது ஒரு வடாராவில். கன்னடத்தில் அப்படிச் சொல்வார்கள்: ஒரே நீளக் கூரையின் கீழே ஏழு குடும்பங்கள், நடுவில் மெல்லிய சுவர்கள். ஐந்தாம் வீட்டில் வெங்காயம் நறுக்கினால் மூன்றாம் வீட்டில் கண்ணீர் வரும். அந்தச் சுவர்களிலிருந்து தப்பிக்கத்தான் அப்பா ஒரு சைட் வாங்கினார்.

பெங்களூரில் மனை என்று யாரும் சொல்வதில்லை, சைட்தான். முப்பதடிக்கு நாற்பதடி. ராகிக் கொல்லையைச் சமப்படுத்தி, மூலைக்கு மூலை கருங்கல் நட்டு, முன்பக்கக் கல்லில் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டால் லேஅவுட். ரோடு, தண்ணீர், விளக்கு எல்லாம் வரும் என்பார்கள். வரும், நாம் போன பிறகு. எங்களுடைய சைட் மூன்றாம் வரிசையில் பதினேழு. அப்பா அதை புரோக்கரோடு ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தார், பணம் கட்டினார், பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு இரண்டு வருஷம் ஓவர்டைம் பார்த்தார்.

அந்த நாளில் பெங்களூருக்கே உரிய ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்கப் போவது. வீடு கட்ட வசதி இல்லாதவர்கள், வாங்கிப்போட்ட வெறும் நிலத்தைக் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு, பாய் எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வருவார்கள். வந்ததும் முதலில் நான்கு கற்களும் இருக்கின்றனவா என்று எண்ணுவார்கள். முளைத்திருக்கும் பார்த்தீனியத்தைப் பிடுங்குவார்கள், தும்முவார்கள். பிறகு எதிர்கால ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து, எதிர்காலச் சமையலறையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். "ஏய், பெட்ரூம்ல எச்சி துப்பாதே" என்று ஓர் அம்மா தன் பிள்ளையை அதட்டியதை நான் காதால் கேட்டிருக்கிறேன். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சுவர் கிடையாது.

இப்படி வருகிறவர்களில் ஸ்டெல்லா மிஸ் தனி. பிரேசர் டவுனில் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஆராதனை முடிந்து, சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு, கறுப்புக் குடையும் இரண்டடுக்கு டிபன் கேரியருமாக வந்து இறங்குவார். அவருடைய சைட் பதினெட்டு. ரிட்டயர் ஆனதும் அங்கே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு வந்துவிடுவது திட்டம். கல்லில் நம்பர் வெளுத்துப்போனால் தானே பெயிண்ட் டப்பா கொண்டுவந்து எழுதுவார். கரும்பலகையில் எழுதுவதுபோல வளைத்து வளைத்து, கீழே ஒரு கோடும் போடுவார். குடையை விரித்து நட்டுக்கொண்டு, அதன் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். விளையாடும் பையன்கள் பக்கத்தில் போனால், "போய் வீட்டுப் பாடம் எழுதுங்க, போங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதைக் கேட்பதைவிடக் கொடுமை எதுவும் இல்லை.

விளையாடும் பையன்கள் என்றால் முக்கியமாக நானும் பாஷாவும். அவன் அப்பாவுக்கு மெயின் ரோட்டில் பஞ்சர் கடை. எங்களிடம் மட்டை இருந்தது, ரப்பர் பந்து இருந்தது, முப்பது ஏக்கர் மைதானம் இருந்தது. ஸ்டம்ப்தான் இல்லை. முழங்கால் உயரத்தில், நறுக்கென்று, யாரோ நமக்காகவே செதுக்கினதுபோல வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தன கற்கள். மழைக்காலத்தில் மண் இளகியதும் இரண்டு பேர் சேர்ந்து ஆட்டினால் வந்துவிடும். நாங்கள் ஒழுங்கான பையன்கள். விளையாடி முடித்ததும் கற்களைக் கொண்டுபோய் அதே குழிகளில் நட்டுவிடுவோம்.

ஒரு நாள் மட்டும் அவசரம். கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது, அப்பா வரும் நேரம், தூறல் வேறு. பாஷா ஒரு கல்லைத் தூக்கினான், நான் ஒன்றை உருட்டினேன். நட்டுவிட்டு ஓடினோம். எது எந்தக் குழி என்று யார் பார்த்தார்கள்?

நண்பரே, நீங்கள் ஊகித்துவிட்டீர்கள். எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.

அப்பா வீடு கட்ட ஆரம்பித்தது அதற்கு அடுத்த மாதம். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வித்தியாசம்தான். பதினேழு பள்ளம். மழை பெய்தால் மூன்றாம் வரிசைத் தண்ணீர் மொத்தமும் அங்கே வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகும். பதினெட்டு மேடு. வெயில் நாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இடுப்பளவு பார்த்தீனியத்தோடு. அப்பாவும் மேஸ்திரியும் கல்லில் பதினேழு என்று போட்டிருந்த இடத்தில் கயிறு கட்டினார்கள், சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், தோண்டினார்கள். அந்தச் சமயம் ஸ்டெல்லா மிஸ் மூன்று மாதமாக வரவில்லை. மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் சுவருக்குத் தண்ணீர் காட்டுவது என் வேலை. நிலைவாசல் வைத்தாயிற்று. சுவர் ஜன்னலுக்கு மேலே ஏறிவிட்டது. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வாளியோடு சாரத்தின் கீழே நின்றுகொண்டிருந்தபோது, தூரத்தில் கறுப்புக் குடை தெரிந்தது. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து வந்தது. எங்கள் வாசலுக்கு வந்து நின்றது.

"இது யாரு வீடு?" என்றார் மிஸ்.

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எங்களுதுதாங்க. பதினேழு."

"பதினேழா? இது என் எடம். பதினெட்டு."

"இல்லீங்க, கல்லப் பாருங்க. நம்பர் பாத்துதான் கட்டறோம்."

மிஸ் கல்லைப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்ற பக்கத்துக் கல்லிடம் நடந்துபோய், குடை நுனியால் அதைத் தட்டினார். "இந்தப் பதினெட்ட எழுதினது நான். கீழ கோடு போட்டது நான். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா, மிஸ்டர்? இந்தக் கல்லு நடந்து வந்துதா இங்க?"

எனக்கு அப்போதுதான் உச்சந்தலையில் அடித்ததுபோல விளங்கியது. வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற பாஷா என் காலை மிதித்தான். "சுப் ரே," என்று பல்லைக் கடித்தான். "சொன்னே, தோல உரிச்சிடுவாங்க. உன்னுத மட்டும் இல்ல, என்னுதயும்." நான் வாயை மூடினேன். அந்த மூடல் பதினாலு வருஷம் நீடித்தது.

அப்பா துண்டால் மறுபடி கையைத் துடைத்தார். அம்மாதான் பேசினாள். "எங்க வீட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க. ரெண்டு வருஷமா ஓவர்டைம் பாத்து, என் சங்கிலிய வித்து..." அதற்கு மேல் அழுகை.

அப்புறம் மிஸ் செய்ததை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பள்ளத்தில், ஈர மண்ணில் குடையை நட்டார். அதன் கீழே உட்கார்ந்தார். டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். நிதானமாக, ஒவ்வொரு வாயாக. மேஸ்திரி கரணையும் கையுமாகச் சாரத்தில் நின்றார், அதிலிருந்த கலவை இறுகிக்கொண்டிருந்தது. வீட்டை இடிக்கச் சொல்லப் போகிறாரா, போலீஸுக்குப் போகப் போகிறாரா என்று நாங்கள் எல்லோரும் ஒரு டீச்சர் தயிர் சாதம் சாப்பிட்டு முடிப்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தோம். பாத்திரத்தைக் கழுவி, மூடி, கொக்கி போட்டுவிட்டு எழுந்தார்.

"கட்டுங்க," என்றார். "நான் இந்தப் பக்கம் எடுத்துக்கறேன். பாதி எழும்பின வீட்ட இடிக்கச் சொல்லிட்டு எந்த மூஞ்சியோட நான் சர்ச்சுக்குப் போறது? ஆனா ஒண்ணு, மிஸ்டர். நீங்க செஞ்சது என்னன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் உங்கள மன்னிக்கறேன். அத மறந்துடாதீங்க."

பத்திரத்தை யாரும் மாற்றவில்லை. மாற்றுவதென்றால் ரிஜிஸ்டர் ஆபீஸ், லீவு, அலைச்சல். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள், விட்டுவிட்டார்கள். ஆக, காகிதத்தில் எங்கள் வீடு பள்ளத்தில் இருந்தது, மண்ணில் மேட்டில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வரும் தபால்களில் பாதி இந்த நம்பருக்கும் மீதி அந்த நம்பருக்கும் வரும்.

வீடு என்றால் ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. வெளியே குளியலறை. மாடி கட்டுவதற்காகக் கூரையில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தார்கள், அவை துருப்பிடித்து ஆகாயத்தைக் குத்திக்கொண்டே இருந்தன. பள்ளத்தைப் பார்த்த சுவருக்கு மட்டும் அப்பா கடைசிவரை பூச்சுப் பூசவில்லை. கேட்டால், "பூசணும்னா அவங்க எடத்துல சாரம் போடணும். எப்படிப் போய்க் கேக்கறது?" என்பார். அந்தச் சுவர் வழியாக மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். என் படுக்கை அந்தச் சுவரோரம். நான் தூங்காததற்குக் காரணம் ஈரம் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மிஸ் வருவதை நிறுத்தவில்லை. முதல் ஞாயிறு, குடை, கேரியர். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பத்தடியில், தண்ணீர் வடிந்த சேற்றில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். கொஞ்ச நாளில் ரசம் கொடுக்க ஆரம்பித்தாள். "உள்ள வந்து சாப்பிடலாம்ல மிஸ்?" என்பாள். "எனக்கு என் எடம் இருக்கும்மா," என்பார் மிஸ். ஒரு நாளும் படியேறியதில்லை. அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குள்ளேயே சட்டை போட்டுக்கொண்டிருப்பார். குடை தெரிந்ததும் எழுந்து நிற்பார். மிஸ் தலையசைப்பார். அப்பா தலையசைப்பார். மன்னித்தவருக்கும் மன்னிக்கப்பட்டவருக்கும் நடுவே மாதம் ஒரு தலையசைப்பு. நான் ஜன்னலுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அப்பாவின் பெயர் துலங்கிவிடும். அந்த ஒரு வாக்கியத்தை நான் தமிழில், கன்னடத்தில், பாஷாவின் தக்கினி உருதில்கூட மனதுக்குள் தயாரித்து வைத்திருந்தேன்.

இருபத்தைந்து வயதில் எனக்கு ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. பிரஷர் குக்கர், மிக்ஸி இவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழாக்கம் செய்வது. "ஆவி அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலாதீர்" என்று பகலெல்லாம் எழுதிவிட்டு, ராத்திரி தடித்தடியான ரஷ்ய நாவல்களைப் படிப்பேன். அந்த நாவல்களில் தப்பு செய்தவன் ஒருவன்கூடச் சும்மா இருக்க மாட்டான், எங்கேயாவது போய் ஒப்புக்கொண்டே தீருவான். பகல் வேலைக்கும் ராத்திரிப் படிப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு முதல் ஞாயிற்றுக்கிழமை, ரிட்டயராகி நடை தளர்ந்துவிட்ட மிஸ்ஸை பஸ் ஸ்டாப்வரை கொண்டுவிடப் போனபோது, நான் மூடியைத் திறந்துவிட்டேன்.

"மிஸ், அந்தக் கல்லுங்கள மாத்தினது நான்தான்."

"எந்தக் கல்லு?"

"பதினேழு, பதினெட்டு. ஸ்டம்புக்கு எடுத்தோம். திருப்பி வெக்கும்போது மாறிப்போச்சு. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அவருடைய பஸ் வந்தது. அவர் ஏறவில்லை. பஸ் போனது.

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பதினொண்ணு."

"இப்ப?"

"இருபத்தஞ்சு."

"நடுவுல என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்தே?"

அவர் கண்ணில் நீர் வரும், என் தலையில் கை வைப்பார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்திருந்தேன். மிஸ்ஸுக்கு வந்தது கோபம். "பதினாலு வருஷம் உங்க அப்பாவ நான் மன்னிச்சிருக்கேன். அது எவ்ளோ கஷ்டம்னு தெரியுமா உனக்கு? அவரு மூஞ்சப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஜெபம் பண்ணி ஜெபம் பண்ணி அடக்குவேன். ஒவ்வொரு மாசமும் இங்க வந்து உக்காந்து சாப்பிட்டதே அதுக்குத்தான். இப்ப வந்து அந்த மனுஷன் ஒண்ணுமே செய்யலன்றியே! எல்லாம் வேஸ்ட்டா?" குடையை விரிக்காமலே கையில் தூக்கிக்கொண்டார். "நட. திரும்பி நட."

அன்றைக்குத்தான் மிஸ் முதல் முறையாக எங்கள் வீட்டுப் படி ஏறினார். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பதறி எழுந்தார்.

"சாரி, மிஸ்டர்," என்றார் மிஸ். "பெரிய பாவம் பண்ணிட்டேன். இத்தன வருஷமா உங்களத் திருடன்னு நெனச்சிட்டேன். உங்க பையன் இப்பதான் சொன்னான். நீங்கதான் என்ன மன்னிக்கணும்."

அம்மா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள். விஷயம் புரிந்ததும் முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் அன்னிக்கே சொன்னேன்ல மிஸ், எங்க வீட்டுக்காரரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு!" பதினாலு வருஷமாக அவள் காத்துக்கொண்டிருந்த வெற்றி. உடனே காபி கலந்தாள். எங்கள் ஹாலில், எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து மிஸ் காபி குடித்தார். அப்பா பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "பரவால்லீங்க மிஸ்," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எனக்கோ உடம்பு காற்றாக இருந்தது.

மிஸ்ஸை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அப்பா வெளிக்குழாயடியில் நின்றுகொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆனாலும் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன்டா சொன்னே?"

"உங்களுக்குக் கெட்ட பேரு இருந்துதேப்பா."

"கெட்ட பேரு எனக்குத்தானே? நான் வெச்சிருந்தேன். உனக்கென்ன?"

அம்மா இருந்த சமையலறைப் பக்கம் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொத மொதல்ல புரோக்கரோட வந்து பாத்தப்ப, பதினேழுல என் செருப்பு சேத்துல மாட்டி அறுந்துபோச்சுடா. வெறுங்காலோடதான் வீட்டுக்கு வந்தேன். அஸ்திவாரம் தோண்டினோமே, அப்ப முழங்கால் ஆழம் போயும் ஈரமே இல்ல. கெட்டியா செம்மண்ணு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது நம்ம எடம் இல்லன்னு. மேஸ்திரி கேட்டாரு, என்ன நின்னுட்டீங்கன்னு. ஒண்ணுமில்ல, தோண்டுங்கன்னுட்டேன்."

ஓசூர் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது ஓய்கிறவரை அப்பா காத்திருந்தார்.

"அந்தம்மா மன்னிச்சிட்டாங்கன்னு ஒரு தெம்பு இருந்துது எனக்கு. செஞ்சதுக்கு மன்னிப்பு கெடச்சிடுச்சு, சரி, போவட்டும்னு. இப்ப நீ அதையும் பிடுங்கிட்டியே."

பதினாலு வருஷம் நான் சுமந்தது என்னுடையது இல்லை என்று தெரிந்தால் மனசு லேசாக வேண்டும். ஆகவில்லை. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நான் ஒரு வேளைச் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை. மூன்று வருஷம் கழித்து கல்யாணம் ஆனதும் முதல் காரியமாக ஜெயநகரில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். ஆபீஸ் பக்கம் என்று காரணம் சொன்னேன். ஆபீஸ் அப்போது சிவாஜிநகரில் இருந்தது.

மிஸ் தொடர்ந்து வந்தார். இப்போது வெளியே சேற்றில் உட்காருவதில்லை, ஹாலுக்கே வந்துவிடுவார். முன்பு தலையசைப்போடு நின்றவர் இப்போது அப்பாவிடம் உடம்பு விசாரித்தார், பி.பி. மாத்திரை பற்றி ஆலோசனை சொன்னார். வீடு கட்டும் பேச்சை மட்டும் விட்டுவிட்டார். பள்ளத்தில் மண்ணடித்து உயர்த்தவே ஒரு வீட்டுச் செலவு ஆகும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கென்று தனியாக ஒரு பிளம் கேக் வரும், சிவப்புக் காகிதம் சுற்றி. அப்பா அதைத் தொடமாட்டார். "சுகரு" என்பார். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

ஒவ்வொரு முதல் ஞாயிறும் அப்பா மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் சட்டையைப் போடுவார். அந்த ஞாயிறுகளில் அங்கே போகும்போதெல்லாம் நானே பார்த்திருக்கிறேன். தொண்டையைச் செருமுவார். மிஸ் நிமிர்ந்து பார்ப்பார். "பஸ்சு கூட்டமா மிஸ்?" என்று கேட்பார் அப்பா. ஒரு தடவை நான் அவரைத் தனியாக அழைத்துப்போய், "சொல்லித்தான் ஆகணுமாப்பா? அவங்க நிம்மதியா இருக்காங்க, விடுங்க" என்றேன். மகன் சொன்னதைக் கேட்டு நடப்பவரல்ல அவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்டுக்கொண்டார். கல்லை மாற்றியதைவிட இதைத்தான் நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு மிஸ் வருவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு ஈஸ்டரை ஒட்டி ஒருமுறை. பிறகு இல்லை. பிரேசர் டவுனில் எந்தத் தெரு என்று அவரிடம் நாங்கள் கேட்டதே கிடையாது. வருகிறவரிடம் யார் விலாசம் கேட்கிறார்கள்?

அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்துவிட்டார். லேஅவுட்டில் எஞ்சியிருந்த வெறும் சைட்களிலெல்லாம் கட்டடம் எழும்பிவிட்டிருந்தது. ஒரு பில்டர் மூன்றாம் வரிசையில் பதினேழையும் பதினெட்டையும் சேர்த்துக் கேட்டார். நான் பத்திரக் குழப்பத்தைச் சொல்லத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். அவருடைய வக்கீல் சிரித்துவிட்டார். "ரெண்டும் நமக்கே வரும்போது எது எதுவா இருந்தா என்ன சார்? பேப்பர்ல இருக்கிறபடி கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது." எங்களை இத்தனை வருஷம் தூங்கவிடாத விஷயம் அவருக்கு அரை நிமிஷ வேலை.

ரிஜிஸ்டர் ஆபீஸில் மிஸ் தரப்பில் வந்தது அவருடைய அண்ணன் மகள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, காதில் போன். அப்பா அவள் பக்கத்து நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"மிஸ் எப்படிம்மா இருக்காங்க?"

"ஆன்ட்டி போன வருஷம் தவறிட்டாங்க அங்கிள். உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கன்னட நோட்டீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கன்னடம் படிக்க வராது. பிறகு தொண்டையைச் செருமினார். பஸ்ஸைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அந்த எடம் மாறினது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கட்டினேன். மிஸ்கிட்ட சொல்லல. அவங்க என்கிட்ட வந்து சாரி கேட்டாங்க, அப்பவும் சொல்லல."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். நல்ல பெண். புரியாத விஷயத்தைக்கூட மரியாதையாகக் கேட்டாள். "எந்த எடம் அங்கிள்? ஓ, அந்த நம்பர் மேட்டரா? அய்யோ, பரவால்ல அங்கிள், அதப் போய் இவ்ளோ பெருசா... ரெண்டும் சேந்துதானே போவுது. நம்ம டோக்கன் கூப்பிடறாங்க பாருங்க, வாங்க." அப்பாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, கட்டைவிரல் வைக்கும் மெஷின்வரை கைத்தாங்கலாக அழைத்துப் போனாள்.

அப்பாவும் நானும் ஆட்டோவில் திரும்பினோம். சில்க் போர்டு சிக்னலில் நெடுநேரம் நின்றோம். "நல்ல பொண்ணு," என்றார். சிக்னல் விழுந்து, வண்டி கிளம்பி, மறுபடி நின்றது. "ஆனா அது சொன்னா செல்லாதுடா," என்றார்.

அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.

பெயிண்ட் வாசனை கிளப்பிவிட்டதில் நேற்று பஸ் பிடித்து அங்கே போனேன். இரண்டு சைட்டையும் சேர்த்து ஆறு மாடிக் கட்டடம், வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. மாடி மாடியாகத் துண்டுகள் காய்கின்றன. அடித்தளம் தோண்டியதில் பள்ளம் மேடு இரண்டும் போய்விட்டன, எங்கும் ஒரே மட்டம். மழைத் தண்ணீர் இப்போது எந்த வீட்டைத் தேடிப் போகிறதோ. மூன்றாம் வரிசை, நாலாம் வரிசை, எதிலும் ஒருவர் பாய் விரித்து உட்கார ஒரு சாண் வெறும் தரை கிடையாது. பாஷாவின் அப்பா கடை இருந்த இடம் மெட்ரோ தூணுக்குள் போய்விட்டது. எங்கள் இடம் எங்கே முடிந்து மிஸ்ஸுடையது எங்கே தொடங்கியது என்று பார்க்க, கேட்டருகே இருந்து காலடி வைத்து அளந்துகொண்டே போனேன். பத்தாவது அடியில் வாட்ச்மேன் எழுந்து வந்தான். சின்னப் பையன், எந்த வடக்கு ஊரிலிருந்து வந்தானோ.

"கிஸ்ஸே மில்னா ஹை, அங்கிள்?" என்றான். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறான்.

அப்பா பெயரும் மிஸ் பெயரும் வாய்வரை வந்தன. இரண்டில் எதைச் சொன்னாலும் அவன் விடுதி நோட்டைப் புரட்டித் தேடியிருப்பான்.